ஐந்து மில்லி

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இரண்டு காய்ச்சல் மருந்து பாட்டில்கள் இருந்தன. இரண்டும் ஆரஞ்சு வாசனை, ஏறக்குறைய ஒரே உயரம். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் பாராசிட்டமால். மற்றதில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். முதலாவது என் மகனுக்கு வாங்கியது. இரண்டாவது, பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து வந்திருந்த அண்ணன் மகனுக்கு வாங்கியது. அவன் ஊருக்குப் போன பிறகும் அது அங்கேயே கிடந்தது.

நான் மருந்தாளுநர். பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு, தினமும் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மலேசியாவில் இப்படி இரண்டு வீரியத்தில் விற்கப்படுகிறது, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்று வாரத்துக்கு ஒருவரிடமாவது சொல்கிறவள் நான்.

மகனுக்கு அப்போது 14 மாதம். எடை 10 கிலோ. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. வெப்பமானி 39.4 காட்டியது. விளக்கைப் போட்டால் முழுக்க விழித்துக்கொள்வான் என்று கைப்பேசி வெளிச்சத்திலேயே 120 பாட்டிலில் 5 மில்லி அளந்து கொடுத்தேன். அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அம்மா எழுந்து வந்தார்.

"நான் பத்தரைக்கே மருந்து குடுத்துட்டேனே. நீ அசந்து தூங்கிக்கிட்டு இருந்தே, எழுப்ப மனசு வரல."

எந்த பாட்டில் என்று கேட்டேன். அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். 250.

கணக்கு மிக எளிது. 250-ஐயும் 120-ஐயும் கூட்டினால் 370. பத்துக் கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 37 மில்லிகிராம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 வரை கொடுக்கலாம், ஒரு நாளில் மொத்தம் 60-ஐத் தாண்டக் கூடாது. கல்லீரலுக்குக் கேடு வருமோ என்று கவலைப்பட வேண்டிய அளவு அதற்கும் எவ்வளவோ மேலே. கவுண்டரில் யாராவது கேட்டிருந்தால் பேனாவை எடுக்காமலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று அவன் கன்னம் என் கழுத்தில் சூடாகப் படிந்திருந்தது. எனக்கு எண்களே வரவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு தடவை, அதிலும் தப்பான பாட்டில் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

கூடப் படித்த தோழியை அழைத்தேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இரவு வேலையில் இருந்தாள். நான் அழுதுகொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்ததும் அவள் நிறுத்தினாள்.

"ரெண்டு பாட்டிலையும் கையில எடு. லேபிளை வாய்விட்டுப் படி."

படித்தேன்.

"அம்மா எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க? நீ எத்தனை மணிக்கு?" சொன்னேன். "துப்புனானா?" இல்லை. "எடை கடைசியா எப்ப பாத்தே?" போன வாரம் கிளினிக்கில். ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து அடுத்ததைக் கேட்டாள். பிறகுதான் சொன்னாள்: "ஆபத்தான அளவு இல்ல. காலையில டாக்டர்கிட்ட காட்டுற வரைக்கும் திரும்பக் கொடுக்காதே. பால் குடிக்கிறானா, ஒண்ணுக்குப் போறானா, கூப்பிட்டா கண்ணைத் திறந்து பாக்குறானா, இதை மட்டும் பாரு. இதுல ஒண்ணு சரியில்லைன்னாலும் உடனே கிளம்பு. இப்ப நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலையில் காய்ச்சல் 38-க்கு இறங்கியிருந்தது. அம்மாதான் ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை. "என்னாலதானே" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வலித்தது. பாட்டிலை அங்கே விட்டு வைத்தவள் நான்.

அந்தத் தோழிக்குக் கல்யாணமாகவில்லை, பிள்ளையும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தாயானால்தான் நல்ல மருந்தாளுநராக முடியும் என்று சிலர் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். அன்றைக்கு எங்கள் இருவரில் மருந்தாளுநராக இருந்தவள் அவள்தான். எனக்குக் கிடைத்தது வேறு ஒன்று. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். அத்தனை வருடமும் நான் ஒரே மூச்சில் ஐந்து விஷயம் சொல்லியிருக்கிறேன்: அளவு, வேளை, சாப்பிட்ட பிறகு, குலுக்கிவிட்டு, இத்தனை நாளைக்குள். எதிரே நிற்பவர் தலையாட்டுவார், நானும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். பயந்துபோனவர் காதில் ஒரு விஷயம் விழுந்தாலே பெரிது. அது எந்த ஒன்று என்பதை நாம்தான் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வியும் அதற்கப்புறம்தான் எனக்குத் தோன்றியது. பகலில் இந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கப் போவது யார்?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். என் கவுண்டருக்கு வருகிற தாய்மார்களில் பலர் கழுத்தில் தொழிற்சாலை அட்டையோடுதான் வருவார்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கும், இல்லாவிட்டால் மாக் சிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தையிடம். நான் லேபிளில் "தீகா காலி செஹாரி" என்று மலாயில் அச்சடித்து, மூன்று வேளை என்று தாயிடம் விளக்குவேன். அந்த மூன்றில் இரண்டு வேளை அவள் வீட்டிலேயே இருக்க மாட்டாள். மருந்து கொடுக்கிற கை வேறு, அறிவுரை கேட்ட காது வேறு. இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி என்றால் டப்பாவின் மேல் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறேன்: காலை 7, மதியம் 3, இரவு 10. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியன், கடிகாரம், நிலா என்று வரைந்து தருகிறேன். நேரம் கிடைத்தால் பாட்டியையே கூட்டி வரச் சொல்கிறேன்.

அடுத்தது கரண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் இருந்த சின்னக் கரண்டிகளை எல்லாம் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் தண்ணீரை நிரப்பிச் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து பார்த்தேன். காப்பி கலக்குகிற கரண்டி 3 மில்லி. தயிருக்குப் போடுவது நாலரை. அம்மா பாயசத்துக்கு எடுக்கிற எவர்சில்வர் கரண்டி 7 மில்லிக்கும் சற்று மேலே போனது. மூன்றையும் எங்கள் வீட்டில் "டீஸ்பூன்" என்றுதான் சொல்கிறோம். ஒரு டீஸ்பூன் கொடுங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

இப்போது கவுண்டரில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில், கொடுக்க வேண்டிய அளவுக்கு நேராகக் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டிவிடுவேன். கழுவினாலும் அழியாது. பிறகு அதைப் பாட்டியின் கையில் கொடுத்து அவரையே உறிஞ்சச் சொல்வேன். முதல் தடவை எல்லோருக்கும் காற்றுக்குமிழ் வந்துவிடும், கோட்டுக்குக் கீழே அரை மில்லி வெறும் காற்று. சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து விரலால் தட்டி, காற்றை வெளியே தள்ளிவிட்டு மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டாம் தடவை சரியாக வரும். மூன்றாவதாக ஒரு தடவை செய்யச் சொல்லிவிட்டுத்தான் மருந்தைப் பையில் போடுகிறேன். இதற்கு நான்கு நிமிடம் ஆகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் சில நேரம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

வாயில் கொடுக்கிற வித்தையை அம்மாவிடம்தான் கற்றேன். மருந்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, பரீட்சையில் எழுதவும் செய்தேன். அம்மா பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அவன் ஒரு கையைத் தன் அக்குளுக்குப் பின்னால் போகவிட்டு, மறு கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் விட்டு, அவன் விழுங்குகிற வரை பேசிக்கொண்டே இருந்து, அப்புறம் மிச்சத்தை விட்டதைப் பார்த்தபோதுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் நாலு பிள்ளைகளை வளர்த்த கை அது. இன்று கவுண்டரில் ஒரு பொம்மையை மடியில் வைத்து நான் செய்து காட்டுவது அம்மாவின் பிடிதான்.

இதற்கெல்லாம் முன்னால், அவன் பிறந்த சமயத்தில் நடந்ததையும் எழுத வேண்டும். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மலேசியாவில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். என் மகனுக்கு அது குறைவு. சிவப்பணுக்களைக் காக்கிற நொதி அது. குறைவாக இருப்பவர்களுக்குச் சில பொருட்கள் பட்டால் சிவப்பணு உடைந்துபோகும். பிறந்த குழந்தைக்கு அதனால் மஞ்சள் காமாலை வேகமாக ஏறும், கவனிக்காமல் விட்டால் மூளை வரை பாதிக்கும். எக்ஸ் குரோமோசோமில் வருகிற குறை. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள், இது என்னிடமிருந்து போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு தாய்க்கு அது மெதுவாகத் தெரிந்திருக்கும். படித்திருப்பதில் இப்படி ஒரு கஷ்டமும் உண்டு.

சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தவிர்க்க வேண்டியவை எல்லாம் எனக்கு மனப்பாடம். மலேரியாவுக்குத் தருகிற பிரைமாகுவின், தொழுநோய்க்குத் தருகிற டாப்ஸோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தருகிற நைட்ரோபியூரன்டோயின். நான் படித்தது பினாங்கில் உள்ள யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில், நாட்டிலேயே முதன்முதலாக மருந்தியல் படிப்பு தொடங்கிய இடம் அது. தேசிய நச்சு மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. மாணவியாக அங்கே போய் வந்திருக்கிறேன். இந்தப் பட்டியலை நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் இருந்த ஒரு மருந்துகூட எங்கள் வீட்டில் கிடையாது என்று நிம்மதியாக இருந்தேன்.

பத்தாம் நாள். அம்மா பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடித்திருந்தார். தொட்டிலுக்குத் துணி வேண்டும். பாட்டியின் பழைய நூல் புடவை ஒன்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். முப்பது வருடமாகப் பத்திரப்படுத்தியது. துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ இதழ் மாதிரி ஆகியிருந்தது. "உன்னையும் இதுலதான் போட்டு ஆட்டுனேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கி முகத்தில் புதைத்துக்கொண்டேன்.

அந்துருண்டை வாடை.

நாப்தலீன். என் பட்டியலில் அதுவும் இருந்தது, கடைசி வரியில். அதை நான் ஒரு வேதிப்பொருளின் பெயராகத்தான் படித்திருந்தேன். அது பாட்டியின் புடவையாக, அம்மாவின் ஆசையாக என் மகனைச் சுற்றப் போகிறது என்று எந்த வகுப்பிலும் எனக்குத் தோன்றியதில்லை. அந்துருண்டையோடு மூடி வைத்த துணியில் அது ஊறியிருக்கும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். எண்ணெயில் கரையும் என்பதால், எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் சுலபமாக ஏறும். அம்மாவிடம் சொன்னேன். முதலில் கோபம் வந்தது அவருக்கு. "நீங்க எல்லாரும் இதுல வளர்ந்தவங்கதான்." அப்புறம் ஒன்றும் பேசாமல் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த அந்துருண்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். அலமாரி, சாமியறை இழுப்பறை, குளியலறை எதுவும் மிச்சமில்லை. கணவர் ஒவ்வொரு துணியாக முகர்ந்து பார்த்தார். தொட்டிலுக்குப் புதிதாக ஒரு பருத்திப் புடவை வாங்கி, நாலு தடவை துவைத்துப் போட்டோம்.

இப்போது ஜி6பிடி குறை உள்ள பிள்ளையின் வீட்டார் யாராவது வந்தால் மருந்துப் பெயர்களைப் பிறகுதான் சொல்கிறேன். தொட்டில் துணி எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. மலாய்க்காரர் வீட்டிலும் பெரியவர்கள் எடுத்து வைத்த பழைய துணி உண்டு, சீனர் வீட்டில் மூத்த பிள்ளையின் சட்டைகள் பெட்டியில் இருக்கும். கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு யோசனை ஓடும். அந்த யோசனை ஓடினால் போதும் எனக்கு.

சேனை விஷயத்திலும் இப்படித்தான். பிறந்த பிள்ளை நாக்கில் தேன் தொட்டு வைப்பதை எத்தனையோ பாட்டிமார்களிடம் "கூடாது" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரலாம் என்பது காரணம். சரிம்மா என்பார்கள், வீட்டுக்குப் போய் வைப்பார்கள். என் பிள்ளைக்கு வைக்க அம்மா தேனோடு நின்றபோது, அந்த ஒரு துளியில் அவருக்கு என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தேன். என் சீம்பாலைக் கிண்ணத்தில் பிழிந்து கொடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதைத் தொட்டு வைத்தார். பெயர் சேனைதான், வைத்தவரும் பாட்டிதான். கூடாது என்று நிறுத்திக்கொள்ளாமல், அதற்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்று கையில் கொடுத்தால் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

பேறுகால விடுப்பு எனக்கு 60 நாள்தான் கிடைத்தது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறைக்கும் 98 நாள் என்று சட்டம் மாறியது, என் மகன் அதற்குச் சில மாதம் முன்னால் பிறந்துவிட்டான். இரண்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், அப்போதைய மேலாளர் ஒருவர், "இனிமே உங்க கவனம் பாதிதான் இங்க இருக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வலித்தது, பல நாள் வலித்தது. மதியம் சரக்கறையில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுப் பால் எடுப்பேன். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துப் பழகிய கை அது. பால் பைக்கும் அதே ஒழுங்குதான்: தேதி, நேரம், பனிக்கட்டிப் பொட்டலம், பழையது முதலில் வெளியே. பாலத்தில் நெரிசல் என்றாலும் பால் கெடாமல் பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தது. இந்த வேலை எனக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கொண்டுதான் என் பிள்ளைக்குத் தாய்ப்பால் தொடர முடிந்தது.

பாதிக் கவனம் என்று அவர் சொன்னதை நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை நேரத்தில் பிள்ளையை நினைத்துக்கொள்வேன், உண்மைதான். அப்படி நினைத்துக்கொண்டதால்தான் கரண்டியை அளந்தேன். ஒரு பெண் பிள்ளை வளர்க்கிற வருடங்களை வேலை விண்ணப்பத்தில் இடைவெளி என்று எழுத வைக்கிறார்களே, எனக்கு அது பொறுக்கவில்லை. என் தொழிலில் நான் அதிகமாகக் கற்ற வருடங்கள் அவைதான்.

போன வாரம் கடையில் கூட்டமான நேரம். அம்மா அழைத்தார். சாதாரணமாக வேலை நேரத்தில் அழைக்க மாட்டார், அதனால் பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல, பதறாதே. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குப் பிள்ளை பொறந்து வீட்டுக்கு வந்திருக்குல்ல, பாக்கப் போயிருந்தேன். ஜி6பிடியாம். அதோட மாமியார் பெட்டியிலேர்ந்து துணி எடுத்துக் குடுத்தாங்க. மோந்து பாத்தேன். அந்துருண்டை வாடை. வேணாம்னு சொல்லிட்டேன். அந்த அம்மா மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்புறம் உக்கார வெச்சு, என் மக இப்படித்தான் எனக்கும் சொன்னா, எனக்கும் அப்ப கோவம் வந்துச்சுன்னு சொன்னேன். நம்ம வீட்டுத் தொட்டில் புடவை சும்மாத்தானே இருக்கு, அதைத் துவைச்சுக் குடுத்திரட்டுமா?"

"குடுங்கம்மா" என்றேன்.

"நாலு தடவைதானே துவைக்கணும்?"

அது புதுத் துணிக்கு, இதற்கு ஒரு தடவை போதும் என்றேன். அம்மா நாலு தடவையே துவைத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். எதிரே ஒரு தாத்தா பிளாஸ்டிக் பையிலிருந்து இரண்டு மருந்து பாட்டில்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இரண்டும் ஆரஞ்சு நிறம். தண்ணீர்க் குவளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.